பங்குச்சந்தைப் பயிற்சி வேலை: ஏற்கலாமா, மறுக்கலாமா?

‘பங்கு’ என்னும் சொல் நமக்கு மிகவும் நெருக்கமானது. ஓர் ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் இறைமக்கள் குடும்பத்தைப் பங்கு என்கிறோம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள நம் கடற்கரையில், மீனை விற்ற பணத்தில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு எனப் பிரித்துக்கொள்வதும் பங்கே. ஒரு நிறுவனத்தின் முதலில் ஒருவருக்குள்ள உரிமைக்கும் பெயர் அதுதான். முதலிரண்டையும் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறியும். மூன்றாவது, அண்மைக் காலத்தில்தான் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அதுவும் முதலீடு என்ற பெயரில் மட்டுமன்று, வேலை என்ற பெயரிலும் வந்திருக்கிறது.

கணிதம், வணிகவியல், பொறியியல் பயின்று பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுள் சிலருக்கு இப்போது ‘டிரெய்னி டிரேடர்’, அதாவது வணிகப் பயிற்சியாளர் என்னும் பதவிக்கு அழைப்பு வருகிறது. அழைப்பவை, பங்குச்சந்தையில் தங்கள் சொந்தப் பணத்தைக் கொண்டு வாங்கி விற்கும் நிறுவனங்கள். இது வேலையா, சூதாட்டமா? மகனை அனுப்பலாமா, கூடாதா? பாவம் என்று தள்ளிவிடலாமா, பாக்கியம் என்று ஏற்றுக்கொள்ளலாமா? பெற்றோர் பலர் நம்மிடம் இவ்வினாக்களைக் கேட்கின்றனர். கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தது நாம் அறிந்ததே. அவ்வாறே நாமும் அமர்ந்து கணக்கிடுவோம்.

இவ்வேலையின் தன்மை

பங்குத் தரகர் என்றால் பிறருக்காக வாங்கி விற்றுத் தரகு பெறுபவர் என்பது பொதுவாக யாவரும் அறிந்தது. நாம் இங்குக் குறிப்பிடும் நிறுவனம் அத்தகையதன்று. வாடிக்கையாளர் பணத்தைத் தொடாமல், தன் முதலைக் கொண்டே அது வணிகம் செய்கிறது. இதனை ஆங்கிலத்தில் ‘புரோப்ரைட்டரி டிரேடிங்’ என்பர். தமிழில் சொந்த முதல் வணிகம் எனலாம். வரும் இலாபமும் நட்டமும் நிறுவனத்தினுடையவை. பயிற்சியாளர் அந்த முதலின் ஒரு சிறு பகுதியைக் கையாளக் கற்றுக்கொள்கிறார்.

சந்தை காலை 9.15 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30 மணிக்கு மூடுகிறது. முதற் சில மாதங்கள் போலிப் பணத்தைக் கொண்டு பயிற்சி. பிறகு சிறு வரம்புக்குள் உண்மைப் பணம். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் நட்டம் வந்தால் அன்றைய வணிகத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. மாத உதவித்தொகை சிறிது. ஈட்டும் இலாபத்தில் ஒரு விழுக்காடு உண்டு. குறித்த காலத்துக்குள் இலாபம் காட்டாதவர் விடைபெற்றுச் செல்ல வேண்டியதுதான். பள்ளி ஆசிரியருக்கோ செவிலியருக்கோ இருப்பதுபோல், உழைத்தால் மாதமுடிவில் கூலி உறுதி என்னும் நிலை இங்கு இல்லை. நாள் முழுவதும் உழைத்தும் நட்டத்தோடு வீடு திரும்பலாம். கடலுக்குச் சென்று வெறும் வலையோடு திரும்பும் தகப்பனை அறிந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வணிகத்தால் உலகிற்குப் பயன் ஏதும் உண்டா? உண்டு. கடற்கரை ஏலத்தில் மீனை வாங்குபவர் ஒருவருமே இல்லையென்றால் மீனவர் பாடு என்னவாகும்? தாம் உண்பதற்காக அன்றி, பிறருக்கு விற்பதற்காகவே வாங்கும் வியாபாரி நிற்பதால்தான் மீன் அழுகுமுன் விலைபோகிறது. அதுபோலவே, விற்க வருபவர்க்கு வாங்குபவராகவும் வாங்க வருபவர்க்கு விற்பவராகவும் எந்நேரமும் ஒருவர் சந்தையில் நிற்பது பிறர்க்கு உதவியே. முன்பேர ஒப்பந்தமும் நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் உழவர், அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்துவிடுமோ என அஞ்சுகிறார். அரிசி ஆலைக்காரரோ விலை ஏறிவிடுமோ என அஞ்சுகிறார். இருவரும் இன்றே ஒரு விலையை முடிவுசெய்துகொண்டால் இருவர் அச்சமும் நீங்கும். அச்சத்தைத் தணிக்கப் பிறந்த இக்கருவி, நெல்லும் இல்லாமல் ஆலையும் இல்லாமல் விலையின் ஏற்றத்தாழ்வை மட்டுமே பந்தயப் பொருளாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நம் கடற்கரை அறியாததன்று

பங்கு வணிகம் நேற்றுப் பிறந்த புதுமை என்று எண்ண வேண்டாம். சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் இடிந்து நிற்கும் டச்சுக் கோட்டையைப் பலரும் பார்த்திருப்போம். அதற்கு உரிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது. அதன் பங்குகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் பொதுமக்களிடையே கைமாறின. கையில் இல்லாத பங்கை விற்று, விலை விழச்செய்து ஆதாயம் தேடும் தந்திரத்தையும் 1609இல் அங்கே சிலர் கையாண்டனர். அடுத்த ஆண்டே அரசு அதற்குத் தடை விதித்தது. ஆக, சந்தையும், அதன் சூழ்ச்சியும், அதனைத் தடுக்கும் சட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை எனலாம்.

கோவளத்தின் வரலாறும் இத்தகையதே. இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டிலிருந்து வந்த ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு இங்கு வணிகத்தலம் இருந்தது. 1722இல் பேரரசரின் உரிமைப் பத்திரம் பெற்ற அக்கம்பெனியின் பங்குகள் 1723இல் ஆண்ட்வெர்ப் நகரில் விரைந்து விற்றுத் தீர்ந்தன. ஆனால் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியால் 1727இல் அந்த உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்களுள் நம் கோவளத்தைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? தாம் காணாத ஊரை நம்பி, தாம் அறியாத அரசியலுக்குத் தம் பணத்தை ஒப்படைத்தனர். இன்றைய சந்தைக்கும் இது பொருந்தும்.

அதே கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயம் நிற்கிறது. அதனை 1808இல் எழுப்பியவர் ஜான் டி மாண்டி என்னும் போர்த்துக்கீசிய வணிகர். வாங்கி விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர். அதில் பெரும்பகுதியை அறப்பணிக்கு எழுதி வைத்தவர். வணிகம் மனிதனைக் கெடுக்கத்தான் வேண்டும் என்ற விதி ஏதுமில்லை என்பதற்கு அவ்வாலயத்தின் மணியோசையே சான்று.

சென்னைப் பங்குச்சந்தையின் கதையையும் நினைவுகூர வேண்டும். 1937இல் அமைந்த அது, 2015இல் செபி எனப்படும் இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியத்தின் இசைவோடு மூடப்பட்டது. கூடத்தில் நின்று கையசைத்துக் குரல் எழுப்பி வணிகம் செய்த காலம் மறைந்து, மும்பையிலுள்ள கணினிகளோடு எங்கிருந்தும் இணைந்து வணிகம் செய்யும் காலம் வந்துவிட்டது. அதனால்தான் செங்கல்பட்டில் மின்தொடர்வண்டி ஏறும் இளைஞருக்கும் இவ்வேலை கிட்டும் தூரத்தில் இருக்கிறது.

கணக்கு கூறும் உண்மை

இனி எண்களைப் பார்ப்போம். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேரச் சந்தையில் ஈடுபட்ட தனிமனிதர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 100க்கு 93 பேர் நட்டமடைந்தனர். மூன்றாண்டுகளில் அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024-25ஆம் ஆண்டிலும் 100க்கு 91 பேர் இழந்தனர். அந்த ஓராண்டின் இழப்பு மட்டும் 1,05,603 கோடி ரூபாய் என்று 2025 ஜூலையில் செபி அறிவித்தது.

இழந்த பணம் எங்கே சென்றது? இங்குதான் நம் வினா கூர்மையடைகிறது. 2023-24இல், கட்டணச் செலவுகளைக் கழிப்பதற்கு முன், தனிமனிதர்கள் ஏறத்தாழ 61,000 கோடி ரூபாய் இழந்தனர். அதே ஆண்டில் சொந்த முதல் வணிக நிறுவனங்கள் ஏறத்தாழ 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர் 28,000 கோடியும் ஈட்டினர். கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக இருக்கிறது. முன்பேரச் சந்தையில் புதிதாக ஏதும் விளைவதில்லை. ஒருவர் பையிலிருந்து செல்வதே மற்றவர் பைக்கு வருகிறது.

ஆகவே, இப்பயிற்சி வேலையில் சேரும் பிள்ளை வெல்லும் தரப்பில் அமர்கிறார் என்பது உண்மை. அடுத்த உண்மையையும் நோக்க வேண்டும். அவ்வறிக்கையின்படி, வணிகத்தில் ஈடுபட்ட தனிமனிதருள் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 இலட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று அறிவித்தவர்கள். 30 வயதுக்குக் குறைந்தோர் ஒரே ஆண்டில் 100க்கு 31 பேர் என்ற நிலையிலிருந்து 43 பேர் என உயர்ந்தனர். எதிர்த்தரப்பில் இருப்பவர் யாரோ ஒரு கோடீசுவரர் அல்லர்; கைபேசியில் விரலை நகர்த்தி, திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை இழக்கும் நம் தெருப் பிள்ளையாகவும் அவர் இருக்கலாம்.

மற்றொன்றும் உண்டு. சொந்த முதல் நிறுவனங்களின் இலாபத்தில் 100க்கு 96 பங்கு, கணினி நிரல்களால் தானே இயங்கும் வணிகத்தில் ஈடுபட்ட நிறுவனங்களுக்கே சென்றது என்கிறது அதே அறிக்கை. குருகிராம், மும்பை போன்ற நகரங்களிலுள்ள பெரிய நிறுவனங்கள் உயர்கணிதத்திலும் கணினி நிரலிலும் தேர்ந்தவர்களை உயர்தொழில்நுட்பக் கழகங்களிலிருந்து தேடி எடுக்கின்றன. நொடியின் மிகச் சிறு கூறுக்குள் முடிவெடுக்கும் அந்த இயந்திரங்களுக்கு எதிரே, ஒரு சிறு அலுவலகத்தில் கையால் விசையைத் தட்டும் பயிற்சியாளர் எவ்வளவு ஈட்ட முடியும்? வேலைக்கு அழைப்பவர் காட்டும் வெற்றிக் கதைகள் யாருடையவை, தன்னைப் போன்றவருடையவையா என்று பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களும் குற்றச்சாட்டுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 2025 ஜூலை 3ஆம் நாள், அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் வங்கிப் பங்குக் குறியீட்டின் விலையைச் செயற்கையாக அசைத்தது என்று கூறிச் செபி இடைக்கால ஆணை பிறப்பித்து, 4,843 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைப் பிடித்து வைக்கக் கட்டளையிட்டது. அக்குழுமம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது. தீர்ப்பை நாம் முந்திக்கொண்டு கூறுவது முறையன்று. எனினும், ‘கெட்டிக்காரத்தனமான வணிகம்’ எங்கே முடிகிறது, ‘விலையைப் புரட்டுதல்’ எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு இத்தொழிலில் எப்போதும் காலடியிலேயே கிடக்கிறது என்பதை இது காட்டுகிறது.

திருச்சபையின் போதனை

வணிகமே பாவம் என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் இதனை ஆராய்ந்திருக்கிறார். இலாபம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. குடும்பத்தைக் காப்பதற்கும் ஏழைக்கு உதவுவதற்கும் அளவான இலாபம் தேடுபவன் குற்றவாளி ஆகான். இலாபத்தையே இறுதிக் குறிக்கோளாகக் கொள்வதுதான் கேடு என்பது அவர் கருத்து. திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பைக் குறைத்து விரைவில் இலாபம் பெறத் துடிப்போர், விலைகளைத் தம் விருப்பம்போல் ஏற்றி இறக்கி, பொருளை விளைவிப்போரின் திட்டங்களைப் பாழாக்குவதைக் கண்டித்தார். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் பிறருக்கு நட்டம் வரும்படி விலையைச் செயற்கையாக மாற்றும் ஊகவணிகத்தை நீதிக்கு மாறானது என வகைப்படுத்துகிறது. பந்தயமும் சூதும் தன்னளவில் அநீதி ஆகா என்றாலும், தனக்கும் தன் குடும்பத்துக்கும் தேவையானதை இழக்கச் செய்யும்போது அவை ஏற்கத்தகாதவை என்று அது கூறுகிறது.

2018இல் வத்திக்கானின் இரு துறைகள் இணைந்து, பொருளியல், நிதித்துறை பற்றிய அறநெறி ஏடு ஒன்றை வெளியிட்டன. இடரிலிருந்து காக்கப் பிறந்த சில ஒப்பந்தங்கள் பிறர் வீழ்ச்சியின்மீது வைக்கும் பந்தயமாக மாறிவிட்டதை அது எடுத்துரைத்தது. ஆயினும் நிதிச்சந்தையே தீது என்று அது ஒதுக்கவில்லை. அறநெறியோடும் ஒழுங்குமுறையோடும் நடக்கும் சந்தை பொதுநலனுக்கு உதவும் என்றே கூறிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், இவ்வேலை தன்னளவில் விலக்கப்பட்டதன்று. ஆனால் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று நாம் கொள்ளலாம். பொய்யும் விலைப்புரட்டும் கூடா. குடும்பத்தின் உயிர்நாடியான பணத்தைப் பந்தயம் வைக்கலாகாது. பணம் ஆண்டவர் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

வைப்புத்தொகை கேட்கும் வேலை

இரண்டாவது நிபந்தனையை விளக்க, நாம் அறிந்த ஒரு குடும்பத்தைக் குறிப்பிடுகிறோம். தந்தை மறைமலைநகரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் பல ஆண்டுகள் பணியாற்றி, வேலை இழந்தவர். மகன் கணிதப் பட்டதாரி. மகள் செவிலியர் கல்லூரியில் சேரக் காத்திருந்தாள். மகனுக்குச் சென்னையில் ஓர் அலுவலகத்திலிருந்து பயிற்சி வேலைக்கு அழைப்பு வந்தது. மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை, இலாபத்தில் பாதி, ஆனால் முதலில் ஓர் இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். வீட்டில் இருந்த ஒரே இலட்சம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்தது.

“சாமி, தொழிற்சாலை வேலை நிலையானது என்று இருபது வருடம் நம்பினேன். அதுவும் போய்விட்டது. எதுதான் நிலை? பையனாவது முன்னுக்கு வரட்டுமே” என்றார் தந்தை. அவர் சொல்லில் நியாயம் இல்லாமலில்லை. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகரைச் சூழ்ந்த எத்தனை குடும்பங்கள் கலங்கின என்பதை நாம் அறிவோம். நிலையான வேலை என்று நாம் நினைப்பவையும் ஒரு கடிதத்தில் முடிந்துவிடுகின்றன. ‘சந்தை வேலை நிலையற்றது’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இளைஞரை அடக்கிவிட முடியாது.

தாயோ ஒரே வினாவைக் கேட்டார்: “வேலை கொடுக்கிறவர்கள் சம்பளம் கொடுப்பார்களா, நம்மிடம் பணம் கேட்பார்களா?”

அந்த வினாவுக்குள் எல்லாம் அடங்கியிருந்தது. மகனிடம் நாம், “தம்பி, நட்டம் வந்தால் அது யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாருங்கள்” என்றோம். அவர் சென்று கேட்டார். நட்டம் முதலில் வைப்புத்தொகையிலிருந்தே கழிக்கப்படும் என்றும், தொகை தீர்ந்துவிட்டால் மீண்டும் கட்டினால்தான் பயிற்சி தொடரும் என்றும் விடை வந்தது. அதையும் எழுத்தில் தர மறுத்தனர். நிறுவனத்தின் பணத்தில் கற்பதாகச் சொன்ன வேலை, உண்மையில் தங்கையின் படிப்புப் பணத்தில் கற்பதாக இருந்தது. மகன் அவ்வேலையை மறுத்தார். இப்போது ஒரு தரகு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் குறைந்த சம்பளத்தில் பணிபுரிகிறார். மாலையில், செபி நிறுவிய தேசியப் பங்குச்சந்தைக் கல்விக் கழகத்தின் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறார். தங்கை முதலாண்டு முடித்துவிட்டாள்.

இதற்கு மாறாக, வைப்புத்தொகை ஏதும் கேளாமல் மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் தந்து, ஓராண்டு முறையாகப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தில் சேர்ந்து நன்றாகவே பணியாற்றும் இளைஞரையும் நாம் அறிவோம். எனவே எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

மூன்றாவது வகை ஒன்றும் இன்று பரவியிருக்கிறது. ‘தேர்வுக் கட்டணம் கட்டுங்கள், வென்றால் எங்கள் பெரும் முதலை உங்களிடம் ஒப்படைப்போம்’ என்று இணையத்தில் அழைப்பு விடுப்பவர்கள் இவர்கள். பலர் வெளிநாட்டிலிருந்து, அயல்நாட்டு நாணய வணிகத்துக்கு அழைக்கின்றனர். நம் நாட்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள், சந்தைகள் வழியன்றி அந்நியச் செலாவணி வணிகம் செய்யலாகாது. அங்கீகாரமற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. இவ்வகை அழைப்பை வேலை என்று அழைப்பதே தவறு. கட்டணம் கட்டுபவர் ஊழியர் அல்லர், வாடிக்கையாளர்.

மறைத்து வைத்த கணக்கு

இவ்வேலையில் இளைஞருக்கு வரும் மிகப்பெரிய சோதனை எது? பேராசை என்று பலரும் கூறுவர். நாமோ, தோல்வியை மறைக்கும் ஆசை என்போம். இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி 1762இல் தொடங்கப்பெற்றது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்னும் இளைஞர் வங்கியின் பணத்தைக் கொண்டு ஜப்பானியப் பங்குக் குறியீட்டு முன்பேர வணிகம் செய்தார். நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கில் மறைத்து வைத்தார். மறைத்ததை மீட்க மேலும் பெரிய பந்தயம்; அதன் நட்டத்தை மறைக்க மேலும் ஒரு பொய். 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே நகரில் நிலம் நடுங்கிற்று, சந்தை சரிந்தது. பிப்ரவரி இறுதியில், 82 கோடி பவுனுக்கு மேற்பட்ட நட்டத்தோடு, 233 ஆண்டு வயதுடைய வங்கி வீழ்ந்தது. அதனை ஒரே ஒரு பவுன் விலைக்கு ஒரு டச்சு நிறுவனம் வாங்கிற்று. லீசனுக்கு அப்போது வயது 28. சிங்கப்பூர் நீதிமன்றம் அவருக்கு ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அவர் ஒரே நாளில் அந்தப் பெருந்தொகையை இழக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் சிறு நட்டத்தை மேலாளரிடம் ஒப்புக்கொண்டிருந்தால் கண்டிப்போடு முடிந்திருக்கும். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கற்கும் பாடமும் இதுவேயன்றோ? சொல்லிவிட்ட குற்றம் சிறுக்கிறது. மறைத்த குற்றம் வளர்கிறது. இன்றைய நட்டத்தை இன்றே வாய்விட்டுச் சொல்லும் துணிவு இல்லாத பிள்ளையை இவ்வேலைக்கு அனுப்ப வேண்டாம். அவ்வாறு சொல்லும்போது சீறி விழாத தந்தையும் வீட்டில் வேண்டும்.

கேட்டறிய வேண்டியவை

அழைப்புக் கடிதம் கையில் வந்தவுடன் குடும்பத்தார் கூடி அமர்ந்து, பின்வருவனவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டறிவது நலம்.

1. நிறுவனம் செபியிடம் பதிவு பெற்றதா? பதிவு எண் என்ன? செபியின் இணையதளத்தில் அதனை நீங்களே சரிபார்க்கலாம்.

2. வணிகத்துக்குரிய பணம் யாருடையது? வாடிக்கையாளர் சொத்தைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தியதாகக் கூறிக் கார்வி பங்குத் தரகு நிறுவனத்தின்மீது 2019 நவம்பரில் செபி நடவடிக்கை எடுத்ததை மறவாதீர்.

3. வைப்புத்தொகை உண்டா? நட்டத்தில் ஊழியருக்குப் பொறுப்பு உண்டா? ‘உண்டு’ என்பது விடையானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. மாதச் சம்பளம் எவ்வளவு? இலாபமே வராத மாதத்தில் எவ்வளவு? வருங்கால வைப்புநிதி உண்டா?

5. மூலச் சான்றிதழ்களைக் கேட்கின்றனரா? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா?

6. சென்ற ஆண்டு சேர்ந்தவருள் இன்று எத்தனை பேர் பணியில் இருக்கின்றனர்? அவர்களுள் ஒருவரோடு பேச முடியுமா?

7. ஓராண்டுக்குப் பின் விலக நேர்ந்தால், கையில் மிஞ்சும் கல்வி எது? கணிதமும் கணினி நிரலும் கற்றிருந்தால் அது வேறெங்கும் சோறு போடும். விசை தட்டும் பழக்கம் மட்டுமே மிஞ்சினால் அது எங்கும் உதவாது.

இளைஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. இழந்த பிறகு உடனே மீட்டுவிடத் துடிக்கும் இயல்பு நமக்கு உண்டா? கடன் சுமையோடு செல்கிறோமா? கடன்காரன் வாசலில் நிற்கையில் நிதானமாக முடிவெடுப்பது அரிது. வென்ற நாளில் ஏழையின் முகம் நினைவுக்கு வருகிறதா? ஓராண்டு, அல்லது ஒன்றரை ஆண்டு என ஒரு கால எல்லையை முன்கூட்டியே வகுத்து, அதற்குள் தேறாவிடில் வெட்கமின்றி வேறு தொழிலுக்குத் திரும்பும் மனம் இருக்கிறதா?

மாமல்லபுரத்தில் கல் தட்டும் சிற்பப் பயிற்சியாளரைப் பாருங்கள். முதலில் உளியைத் தீட்டவும் கல்லின் ஓசையை அறியவும் பழகுகிறார். பயிற்சியில் ஒரு கல் உடைந்தால் இழப்பு ஆசிரியருடையது, பாடம் மாணவனுடையது. முறையான பயிற்சியின் அடையாளம் இதுவே. சந்தைப் பயிற்சியும் இவ்வாறு அமைந்தால் செல்லலாம். கல் உடைந்தால் மாணவனின் வீடும் உடையும் என்றால், அதற்குப் பயிற்சி என்று பெயரிடுவது பொருந்தாது.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

பெற்றோரே, ‘சூதாட்டம்’ என்ற ஒரு சொல்லால் பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அவன் வேலைக்குப் போகமாட்டான். ஆனால் இரவில் போர்வைக்குள் கைபேசியைத் திறப்பான். அங்கே மேலாளரும் இல்லை, நட்ட வரம்பும் இல்லை. 100க்கு 91 பேர் வீழ்ந்தது அந்தப் போர்வைக்குள்தான். முறையான நிறுவனத்தில் கண்காணிப்போடு கற்பதைவிட, தனிமையில் மறைவாக விளையாடுவதே ஆபத்து. ஆகவே பேசுங்கள், கணக்கைச் சேர்ந்து பாருங்கள், முடிவைப் பிள்ளையோடு சேர்ந்து எடுங்கள்.

இளைஞர்களே, தாலந்து உவமையில், தலைவர் தந்ததை மண்ணில் புதைத்தவன் கண்டிக்கப்பட்டான். உண்மைதான். ஆனால் அத்தாலந்துகள் தலைவருக்கு உரியவை என்பதையும், இறுதியில் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். உங்கள் கணக்கறிவு ஆண்டவர் தந்த தாலந்து. அதைச் சந்தையில் பயன்படுத்தலாம். வங்கியிலோ, பள்ளியிலோ, உழவர் கூட்டுறவிலோ பயன்படுத்தலாம். எங்கே பயன்படுத்தினாலும், யாரை ஏழையாக்கி நான் செல்வனானேன் என்ற கேள்விக்கு விடை சொல்லும் நாள் ஒன்று உண்டு.

செங்கல்பட்டுப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித சூசையப்பர் ஒரு தச்சர். அவர் வீட்டில் செல்வம் பெருகியதாக நற்செய்தி கூறவில்லை. அன்றாட உழைப்பால் அன்னையையும் திருக்குழந்தையையும் காத்தார் என்பதை மட்டும் அறிகிறோம். எந்த வேலையை ஏற்றாலும் அதனால் நம் வீடு காக்கப்படுகிறதா என்பதே முதல் அளவுகோல். அடுத்த வீடும் நம்மால் அழியாதிருக்கிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்று மனச்சான்று கூறுமாயின், அஞ்சாமல் செல்லுங்கள். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.